அறுக்காதே, மருமகனே

அருப்புக்கோட்டை

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதமும் அந்த ஆம்னி வேனின் படங்களும் வந்து சேர்ந்தன. 2009 மாடல், விலை 70,000 ரூபாய். படுத்துறங்கி ஊர் சுற்றுகிற மாதிரி அதை மாற்ற இன்னொரு 30,000. அதற்கு மேல் கையில் ஒரு பைசா இல்லை என்று எழுதியிருக்கிறாய். உங்கம்மா போன் போட்டு, "வேண்டாம்னு நீயாவது சொல்லு" என்றாள். நான் சொல்லப்போவதில்லை. ஆனால் நீ வரைந்து அனுப்பிய படத்தில், காற்றுக்காகக் கூரையில் ஒரு சதுரம் போட்டிருக்கிறாயே, அதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

அந்தச் சதுரத்தை நானும் அறுத்தவன். தறிக்கு நூலும் சேலைக் கட்டும் ஏற்றித் திரிந்த காலத்தில் என்னிடமும் ஓர் ஆம்னி இருந்தது. சித்திரை வெயிலில் மேலே தகரம் காயும். முன் சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின் இருப்பதால் கீழேயும் அடுப்புதான். பொறுக்காமல் கூரையை அறுத்து, மூடி போட்டு, சுற்றிலும் ரப்பர் ஒட்டினேன். ஐந்து மாதம் ராஜ வாழ்க்கை. ஐப்பசியில் மதுரை ரோட்டில் ஒரு மழை பிடித்தது. நம் ஊருக்கு வருஷத்தில் பெய்வதே கொஞ்சம். அதில் பாதி அன்றைக்கு என் நூலின் மேல் பெய்தது. எஃப்.சி.க்குப் போனால் கூரையைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். ஓட்டை போட்ட கூலியைப் போல மூன்று மடங்கு கொடுத்து அதை அடைத்தேன்.

திருப்பி அனுப்பியவர்மேல் குற்றமில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பு மாறுகிற அளவுக்கு வண்டியில் கைவைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொன்னது. கழற்றி எடுக்க முடியாத எதையும் அந்த வண்டிக்குள் வைக்காதே. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

உன் பூட்டனார் வண்டி அப்படித்தான் இருந்தது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குப் புறப்படும்போது, எரு அடித்த அதே வண்டியில் மூங்கிலை வளைத்துப் பாயைக் கட்டினால் கூண்டு வண்டி. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே சமுக்காளம். பகலில் பெண்களும் பிள்ளைகளும் அதில் வருவார்கள்; ராத்திரி ஆண்களுக்கு வண்டியடி. திரும்பி வந்ததும் கூண்டை அவிழ்த்து மாட்டுக் கொட்டகையில் சாத்திவிட்டு மறுநாளே எரு அடிக்கப் போகலாம். ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி 1950-களில் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குச் செய்து கொடுத்ததும் இந்த வித்தைதான்: படுக்கையும் சாமானும் அடங்கிய ஒரு பெட்டி, ஊர் போக ஏற்றிக்கொள்ளலாம், வந்ததும் இறக்கிவிடலாம். உனக்கும் ஒரு பெட்டியும் இரண்டு பலகையும் போதும். பின் சீட்டை மடக்கி, அந்த மட்டத்துக்குப் பலகை போடு. அதற்கு முன், முன் சீட்டைத் தள்ளிவிட்டு வண்டிக்குள் நீயே படுத்து அளந்து பார். நீ உங்கப்பாவைப் போல நெட்டை, கால் இடிக்கும்.

வாங்கும்போது ஒரு காந்தத் துண்டு எடுத்துப் போ. கதவின் கீழ் விளிம்பு, சக்கரத்துக்கு மேல் வளைவு, தள்ளு கதவின் தண்டவாளம் எல்லாம் ஒட்டிப் பார். ஒட்டாமல் விழுகிற இடத்தில் துருவை மறைத்துப் பட்டி பார்த்திருக்கிறார்கள். வண்டி எந்த ஊரில் ஓடியது என்றும் கேள். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் கடலோரத்தில் கிடந்த வண்டியை உப்பு அடியிலிருந்து தின்னும். நம் கரிசல் புழுதி கதவு உருளையைத்தான் தின்னும், அதை மாற்றிவிடலாம்.

காகிதத்தையும் பார். 15 வருஷம் தாண்டிய வண்டி, ஆர்.சி. புதுப்பித்தாயிற்றா? 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் கடந்த காருக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். உன் 30,000-த்தில் அந்த 5,000 எவ்வளவு பெரிய கடி என்று நீயே கணக்குப் போடு. பசுமை வரி தனி.

மிச்சத்தில் முதல் செலவு பிரேக்கும் டயரும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் பழைய டயர் நம் ரோட்டுச் சூட்டில் வெடிக்கும். அடுத்தது ரேடியேட்டரும் அதன் ரப்பர் குழாய்களும். இன்ஜின் மாருதி 800-இல் இருந்த அதே 796 சிசி, மூன்று சிலிண்டர். ஆம்னி 2019-லேயே நின்றுபோனாலும் எந்த ஊர்ப் பட்டறையிலும் அதன் வயிற்றைத் தெரிந்த ஒருவர் இருப்பார். பெயின்டையும் சீட் கவரையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளு.

சூட்டுக்கு வழி கேட்பாய். கூரை மேல் கேரியரில் பனையோலைப் பாயை விரித்து, தகரத்துக்கும் பாய்க்கும் நாலு விரல் இடைவெளி விட்டு இறுகக் கட்டு. ஓடும்போது அவிழ்த்துச் சுருட்டிவிடு. ராத்திரி இரண்டு தள்ளு கதவையும் திறந்து கொசுவலை தொங்கவிட்டால் போதும். வைகாசியில் அதுவும் போதாது, வண்டிக்கு வெளியே படு. சமையலை வண்டிக்குள் வைக்கவே வைக்காதே. பெட்ரோல் வண்டிக்குள் கேஸ் அடுப்பு பற்றவைக்கிறவனுக்கு என்னிடம் புத்திமதி கிடையாது. வேப்ப மர நிழலில் மூன்று கல், அல்லது ஒரு சின்ன ஸ்டவ்.

முதல் ராத்திரி கொடைக்கானல் வேண்டாம். திருச்சுழிப் பக்கம் நம் காட்டில் வேலியோரம் நிறுத்திப் படு. என்னென்ன இல்லை என்பது விடிவதற்குள் தெரிந்துவிடும்.

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை அல்லவா? கொடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டு வாசலில் நில். காந்தம் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
மாமா