கஞ்சித்தொட்டி முதல் நிதிநல்கை வரை

நுழையும்முன்

பசித்தவருக்குச் சோறிடுவதைத் தலையாய அறமாகப் போற்றியது தமிழ் மரபு. அவ்வறத்தை ஒருவர் ஒருநாள் செய்துவிடலாம். ஓர் ஊர் அதனை ஆண்டுக்கணக்கில் செய்யவேண்டுமாயின் பணம் வேண்டும், பொறுப்பேற்போர் வேண்டும், கணக்கும் வேண்டும். வடசென்னையின் சில தெருக்களில் இதன் வரலாறு பொதிந்து கிடக்கிறது.

சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் தொடர்வண்டி முழு விரைவு கொள்வதற்கு முன்பே பேசின் பிரிட்ஜ் வந்துவிடுகிறது. ஒருபுறம் தொடர்வண்டிப் பெட்டிகளைப் பேணும் பணிமனை. மற்றொரு புறம் மின்நிலையம். இடையே பக்கிங்காம் கால்வாய். அதனையொட்டி நெருங்கி நிற்கும் சிறு வீடுகள். ஊருக்குள் நுழையும் வண்டிகள் சைகைக்காக இங்குக் காத்து நிற்கும்போது பயணிகள் சலித்துக்கொள்வர். இங்கிருந்து கிழக்கே சிறிது தொலைவு நடந்தால் மின்ட் சந்திப்பும் பழைய சிறைச்சாலைச் சாலையும் வரும். அங்கிருப்பது ஸ்டான்லி மருத்துவமனை. ஆயினும் வண்ணாரப்பேட்டை, இராயபுரம் பகுதிகளின் முதியோர் அதனை அப்பெயரால் அழைப்பதில்லை; 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைக்கின்றனர்.

அப்பெயருக்குக் காரணம் ஒரு பஞ்சம். 1780இல் ஐதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மூண்ட போரால் சென்னையைச் சுற்றியிருந்த ஊர்கள் பாழாயின. விளைச்சல் இழந்த மக்கள் நகரை நோக்கித் திரண்டனர். அவர்களுக்குக் கஞ்சி வார்க்க 1782இல் ஏற்பட்டதே மணியக்காரர் சத்திரம். கஞ்சி வார்ப்பதை மேற்பார்த்த ஊர் மணியக்காரரின் பதவிப்பெயரே சத்திரத்திற்கும் பெயராயிற்று என்பர். ஆங்கிலேயர் நாவில் அது 'மானிகர் சௌல்ட்ரி' எனத் திரிந்தது. பசியோடு வந்தவர்களுள் பலர் நோயோடும் வந்தமையால், 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் பொறுப்பில் அங்கே ஒரு மருத்துவ விடுதியும் தோன்றியது. அவ்விடத்தில் வளர்ந்த மருத்துவப்பள்ளி 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியானது. பஞ்சத்திற்கு வார்த்த கஞ்சி, தலைமுறை தலைமுறையாக மருத்துவர்களை உருவாக்கும் நிலையமாகியது.

மணிமேகலைக் காப்பியத்தில் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய காதை ஒன்று உண்டு. சிறையில் வாடியவர்களுக்கு அமுதசுரபியால் உணவளித்த மணிமேகலை, அச்சிறையையே அறச்சாலையாக்கித் தரும்படி அரசனிடம் வேண்டிப் பெறுகிறாள். சென்னையின் கஞ்சித்தொட்டி பழைய சிறைச்சாலைச் சாலையில் அமைந்திருப்பது தற்செயலே. எனினும் அவ்வழியே செல்லும் தமிழறிந்தோர்க்கு அக்காதை நினைவுக்கு வராமலிராது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. மண்ணுலகின் கஞ்சித்தொட்டியோ நிரப்புவார் இல்லையேல் வற்றிவிடும்.

எனவேதான் கொடையைக் காப்பது கொடுப்பதினும் அரிதாகிறது. இதனை நன்கு உணர்த்துவது பச்சையப்ப முதலியாரின் உயில். வணிகத்தால் பெரும்பொருள் ஈட்டிய அவர், அதனை அறப்பணிகளுக்கு எழுதிவைத்து 1794இல் மறைந்தார். எழுதிய உயில் இருந்தது, பொருளும் இருந்தது. ஆனால் கேட்பார் இன்மையால் அப்பொருள் பல்லாண்டுகள் உரிய பணியைச் சென்றடையவில்லை. வழக்கு நீதிமன்றம் ஏறி, அறங்காவலர் பொறுப்பில் பொருள் ஒப்படைக்கப்பட்ட பின்னரே 1842இல் கறுப்பர் நகரத்தில் பச்சையப்பர் பள்ளி பிறந்தது. கொடைக்கும் அதன் பயனுக்கும் இடையே 48 ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் பள்ளி செல்லும் வாய்ப்பை இழந்த சிறுவர்கள் எத்தனை பேரோ!

இன்று கொடை என்னும் சொல்லோடு நல்கை என்னும் சொல்லும் வழங்குகிறது. இரண்டும் ஒன்றல்ல. கொடுத்தவர் திரும்பிப் பாராது செல்வது கொடையின் பெருமை. நல்கையோ இன்ன பணிக்கு, இத்தனை காலத்திற்கு, இவ்வளவு தொகை என வரையறுத்து வழங்கப்படுவது. செலவிட்ட பின் பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கை செய்த கணக்கும் தரவேண்டியது. முன்னது ஈரத்தால் நிகழ்வது. பின்னது உடன்பாட்டால் நிகழ்வது.

வடசென்னைக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் எங்கும் பெருந்தொழிற்சாலைகள் உள்ளன. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுவரவு 1000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடவேண்டும். தான் இயங்கும் வட்டாரத்திற்கு முன்னுரிமை தரவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் சொல்லே. புகைபோக்கியின் நிழலில் வாழ்வோர், அங்கு ஈட்டப்படும் பொருளிலும் ஒரு பங்கினைக் காணலாம் என்பது அதன் உட்பொருள்.

எனினும் வட்டாரத்தில் பணம் இருப்பதும் அது பேசின் பிரிட்ஜின் ஒரு சந்துக்குள் வருவதும் வேறுவேறு. கால்வாய்க்கரைக் குடியிருப்பில் பெண்கள் சிலர் மாலைநேரப் படிப்பகம் ஒன்றை நடத்துகின்றனர் எனக் கொள்க. எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது, எந்த வீட்டில் விளக்கில்லை என்பதை அவர்களே அறிவர். ஆனால் நல்கை பெறுவதற்கு, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழோ பிறவாறோ பதிவு வேண்டும். வருமான வரித்துறையின் ஏற்பு வேண்டும். ஒத்த பணியில் மூன்றாண்டு அனுபவச் சான்று வேண்டும். அறிக்கையைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். தேவையை மிக அருகிலிருந்து அறிந்தவர், பணத்திலிருந்து மிகத் தொலைவில் நிற்கின்றனர். இவ்விதிகள் வீணானவை என்று கூறிவிடவும் இயலாது. பச்சையப்பர் உயிலின் கதை அறிந்தவர் கணக்குக் கேட்பதைக் குறைகூற மாட்டார். குறை, கேட்பதில் இல்லை. கேட்கும் முறையைச் சிறியோர்க்கும் எளிதாக்காததில் இருக்கிறது. பெரிய அமைப்பொன்று பதிவும் தணிக்கையும் தன் பொறுப்பில் ஏற்று, தெருவில் பணியாற்றும் சிறு குழுக்களைத் தன்னோடு இணைத்துக்கொள்வது ஒரு வழி. சில இடங்களில் அது நடக்கிறது. ஆயின் முடிவெடுக்கும் உரிமையும் பெரிய அமைப்பிடமே தங்கிவிடுவதுண்டு.

அரசின் 'நமக்கு நாமே' திட்டம் வேறொரு வழியில் செல்கிறது. 1990களின் பிற்பகுதியில் தொடங்கி, இடையே 'தன்னிறைவுத் திட்டம்' எனப் பெயர் மாறி, 2021இல் மீண்டும் பழைய பெயர் பெற்ற இத்திட்டத்தில், பள்ளிக் கட்டடம் போன்ற பணிகளின் மதிப்பில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கினை மக்கள் தரவேண்டும். எஞ்சியதை அரசு தரும். சுவர் எழும்பும்போது கலவையில் சிமெண்ட் போதுமா என்று கேட்கும் துணிவை, தன் பணமும் அதில் உண்டு என்னும் நினைவு தருகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்கும் தர இயலாத தெருக்களுக்கே தேவை மிகுதி என்பதையும் மறந்துவிடலாகாது.

பணம் தர இயலாதவரும் சொல் தரலாம். மாநகராட்சி வார்டுகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைப்பதற்கான விதிகள் தமிழ்நாட்டில் 2022இல் வெளிவந்தன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பகுதி சபைகள் கூடின. தம் தெருவுக்குத் தேவை விளக்கா, வடிகாலா, படிப்பகமா என்பதை அங்கே மக்கள் நேரில் கூறலாம். முன்னர்க் கூறிய பணி என்னவாயிற்று என்றும் வினவலாம். இதற்குப் பட்டமோ பதிவோ தேவையில்லை. அப்பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். பதினொன்றாம் வகுப்பில் பயில்வோர்க்கு அத்தகுதி வர இன்னும் ஓரிரு ஆண்டுகளே உள்ளன.