ஏற மறுக்கும் கண்ணாடி

கேள்வி: காரின் பவர் விண்டோ பாதியில் நின்றுவிட்டது. நானே பார்க்கலாமா, மெக்கானிக்கிடம் விடட்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: சுவிட்சை அழுத்திக் காதுகொடுத்துக் கேளுங்கள். எல்லாக் கண்ணாடிகளும் ஒரேயடியாக அசையாமல் நின்றால் ஃபியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில் நீங்களே மாற்றிவிடலாம். ஒன்று மட்டும் சத்தமின்றிக் கிடந்தால் சுவிட்ச், வயர், மோட்டார் மூன்றில் ஏதோ ஒன்றாக இருக்கலாம். மோட்டார் உறுமியும் கண்ணாடி அசையவில்லையா? பெரும்பாலும் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கும். அதற்குக் கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் கிளிப்புகள். அவசரப்பட்டு நெம்பினால் நொறுங்கும், அப்புறம் மேடுபள்ளத்தில் கதவு கடகடக்கும். பிடிப்பில்லாத கண்ணாடி விரல்மேல் விழவும் கூடும். ஃபியூஸ் வரை நீங்கள், கதவுக்குள் மெக்கானிக் என்பதே என் கட்சி. வாரண்டி இருந்தால் கம்பெனி சர்வீஸுக்கே விடுங்கள். வெளியே கொடுத்தால் கூலியை முன்பே பேசி, கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.