கினபாலு மலை ஏறப் போகிறீர்களா? திருவெள்ளறையிலிருந்தே தயாராக 12 குறிப்புகள்

மலேசியாவின் சபா மாநிலத்தில், போர்னியோ தீவில் இருக்கிறது 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து இரண்டரை மணி நேரத்தில் கோத்தா கினபாலு. வழிகாட்டி இல்லாமல் மலையேற அனுமதி கிடையாது. மலையேற்ற வித்தை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். ஆனால் கால் நன்றாகப் பழகியிருக்க வேண்டும்.

1. குறைந்தது மூன்று மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்குங்கள். திருவெள்ளறைக் கோயிலில் பெருமாளைச் சேவிக்க ஏறும் 18 படி இதற்குப் போதாது. முதல் மாதம் தினமும் ஒரு மணி நேரம் வேகநடை. அடுத்த மாதம் மலைக்கோட்டை, துறையூர் பெருமாள்மலை. கடைசி மாதம் குளித்தலை பக்கத்து அய்யர்மலையின் 1,017 படிகள்; ஒரே காலையில் இரண்டு முறை ஏறி இறங்க முடிந்தால் நல்லது.

2. இறங்கவும் பழகுங்கள். முதல் நாள் 1,866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாசலிலிருந்து சுமார் 3,270 மீட்டரில் உள்ள பனலாபான் விடுதி வரை ஏற்றம். மறுநாள் உச்சிக்குப் போய்விட்டு, அன்றைக்கே வாசல் வரை இறங்கிவிட வேண்டும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட இந்த இறக்கத்தில்தான் முட்டி கழன்றுவிடும். பயிற்சியில் இறங்கும்போது ஓடாதீர்கள். முழங்காலைச் சற்றே மடக்கி, நிதானமாக அடி வையுங்கள். இரண்டு ஊன்றுகோல் இருந்தால் முட்டிக்குப் பாரம் குறையும்.

3. வெறுங்கையோடு பழகாதீர்கள். மண்ணச்சநல்லூர் பொன்னி அரிசி 5 கிலோ பை ஒன்றை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு நடங்கள். மலையில் தண்ணீர், துணி, தீனி எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அந்த எடைதான் வரும்.

4. கோயில் மலைகளில் செருப்பைக் கீழேயே விட்டுவிடுவோம்; அங்கே புது ஷூவைப் பழக்க முடியாது. அதற்குப் பச்சைமலைக்குப் போய் மண்ணிலும் பாறையிலும் நடந்து பாருங்கள். ஷூ நுனியில் விரலுக்கு இடம் இருக்கட்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இறக்கத்தில் ஷூவில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும்.

5. பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம். நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். சீக்கிரம் உலரும் டி-ஷர்ட், மேலே கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேலே மழைக்கோட்டு என்று அடுக்காகப் போடுங்கள். உச்சியில் விடியற்காலைக் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி வரும். காதை மூடும் குல்லா அவசியம்.

6. கையுறையும் நெற்றியில் மாட்டும் டார்ச்சும் வாங்கிக்கொள்ளுங்கள். உச்சிக்கு அருகே வழுக்குப் பாறையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருட்டில் ஏற வேண்டும். கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும்.

7. முதுகுப்பைக்குள் கெட்டியான பாலிதீன் பையை விரித்து, அதற்குள் துணிகளை வையுங்கள். அங்கே மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. குளிரில் செல்போன் பேட்டரி சட்டென்று இறங்கும். உள் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

8. கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், பொரிவிளங்காய் உருண்டை வழித் தீனிக்குத் தோதானவை. பசிக்கும் வரை காத்திராமல் அவ்வப்போது கொஞ்சம் வாயில் போடுங்கள். சைவமாக இருந்தால் முன்பதிவின்போதே விடுதிக்குச் சொல்லிவிடுங்கள்.

9. வழியில் தொட்டித் தண்ணீர் கிடைக்கும், அது சுத்திகரிக்கப்பட்டதல்ல. விடுதி வரைக்குமான குடிநீரையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

10. நான்காயிரம் மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். உயரத்தால் வரும் இந்தக் கோளாறுக்கான டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது.

11. விடுதியில் படுக்கைகள் குறைவு. பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். சபாவுக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பயணக் காப்பீடு இந்த உயரத்துக்குச் செல்லுமா என்று பாலிசியில் பார்த்துவிடுங்கள். பல பாலிசிகளில் உயர வரம்பு இருக்கிறது.

12. வழிகாட்டி சொல்லுக்கு மறுபேச்சு வேண்டாம். அதிகாலை இரண்டு, இரண்டரைக்குக் கிளப்புவார். 5 மணிக்குள் சாயாட் சாயாட் சாவடியைத் தாண்டாதவர்களுக்கு மேலே அனுமதி இல்லை. சபாவின் பூர்வகுடிகளான காடசான் டூசுன் மக்களுக்கு இது முன்னோர் உறையும் புனித மலை. கூச்சல், கேலி கூடாது. 2015 ஜூன் 5 அன்று இங்கே ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 18 பேர் இறந்தார்கள். மாட்டிக்கொண்ட பலரைக் கீழே கொண்டுவந்து சேர்த்தவர்கள் இந்த வழிகாட்டிகள்தான். உங்கள் வழிகாட்டி திரும்பச் சொன்னால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள்.