சாலையோரத்துச் சுமைதாங்கி

நம் மாவட்டத்தில் சில ஊர்ப் பெயர்களே வரலாறு சொல்லும். கடலூருக்கு அருகே குண்டு உப்பலவாடி இருக்கிறது. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கம்பெனியார் தேவனாம்பட்டினக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையுள்ள ஊர்களும் அவர்களுக்கே சேர்ந்தன. அந்தக் குண்டு ஊர்ப்பெயரில் நிலைத்துவிட்டது!

கோட்டை வாங்காத எளிய மக்களும் சாலையோரம் தம் நினைவை நட்டுச் சென்றிருக்கின்றனர். அதுவே சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் நீண்ட கல் ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். ஏறக்குறைய தோளுயரம் இருக்கும். பலாப்பழக் கூடையோடு பண்ருட்டிச் சந்தைக்கு நடப்பவர், குனியாமலும் பிறர் உதவியின்றியும் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறலாம். பின்பு தாமே தலையில் ஏற்றிக்கொள்ளலாம்.

இக்கற்களுள் பல, வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்களுக்காக வைக்கப்பட்டவை. அவள் இறக்கி வைக்காத சுமையை வழிப்போக்கர் இறக்கி வைத்தால் அவள் ஆன்மா ஆறும் என்பது நம்பிக்கை. சிலவற்றில் அவள் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். அரசியல்லாத ஒரு பெண்ணின் பெயரையும் இப்படிக் கல்லில் காண்கிறோம்.

தலைச்சுமைக்காரர் இப்போது அரிது. சாலையை அகலமாக்கும்போது இவை பெயர்க்கப்படுகின்றன. சென்ற கோடை விடுமுறையில் காடாம்புலியூர்ப் பக்கம் மண்மேட்டில் ஒரு கல் குப்புறக் கிடந்தது. எழுத்து இருக்கிறதா என்று பார்க்க நானும் தம்பியும் புரட்ட முயன்றோம். அசையவில்லை. பாட்டி மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு அதனருகே சற்று நேரம் நின்றார்.