தோட்ட வேலையில் உடம்பைக் காக்க எட்டுப் படிகள்

காய்ந்தால் கல்லாக இறுகும் செம்மண், 11 மணிக்கே சுடும் வெயில்: திண்டுக்கல் சமவெளியில் தோட்ட வேலை செய்பவரின் முதுகையும் மூச்சையும் வாங்குபவை இவை இரண்டும்தான். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிப்பவர்கள் விடியற்காலையிலேயே காட்டில் இறங்கிவிடுவார்கள். வீட்டுத் தோட்டம், பூங்கா, நாற்றுப்பண்ணை வேலைக்கும் அந்த நேரக்கணக்கு நல்லது.

1. குழி வெட்டுவது, மண் சுமப்பதைக் காலை 6 முதல் 10 மணிக்குள் முடியுங்கள். நாற்று நடுவது, மண் கலப்பதை நிழலுக்கு வையுங்கள். புதிதாக வந்தவருக்கு முதல் வாரம் பாதி வேலை போதும். வெயிலுக்கு உடம்பு பழக நாளாகும்.

2. குழி வெட்டும் இடத்தில் முந்தின மாலையே ஒரு குடம் தண்ணீர் விடுங்கள். கடப்பாரை அதிர்வு தோளில் ஏறாது.

3. ஓரடித் தொட்டி ஈரமண்ணோடு 20 கிலோவைத் தாண்டும். தண்ணீர் விடுமுன் நகர்த்துங்கள். முழங்காலை மடக்கி, தொட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருகாதீர்கள். இயன்றால் தள்ளுவண்டிதான்.

4. களையெடுக்க நீளக் காம்புக் கொத்து வாங்குங்கள். அரைமணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, வேலையை மாற்றுங்கள்.

5. தாகத்துக்குக் காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். இடையிடையே உப்பிட்ட நீர்மோர் நல்லது. பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் நீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள்.

6. பார்த்தீனியத்தைப் பூக்குமுன், கையுறையோடு பிடுங்குங்கள். அது தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் தரும். கழித்த அரளிக் கிளைகளை எரிக்காதீர்கள், புகையும் நஞ்சு. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும். கனத்த அடியுள்ள ஷூ போடுங்கள். முள் குத்தினால் சோப்பால் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

7. பூச்சிமருந்து டப்பாவின் முக்கோண நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி தெளியுங்கள். அடைத்த நாசிலை வாயால் ஊதாதீர்கள். தெளிக்கும்போது உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள்.

8. சருகுக் குவியலில் கை விடுமுன் குச்சியால் கிளறுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடிப்பதில் போகும் நேரம், மருந்து ஏற வேண்டிய நேரம்.