விரலுக்கேற்ற வீக்கம்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவின் சார்பாக மாணவி ஒருவர் எழுதியது)

அறிவியல் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வரும் காலம் இது. நேற்று வாங்கிய பொருள் இன்று பழையதாகி விடுகிறது. "புதியது வந்துவிட்டதே, நாமும் வாங்க வேண்டாமா?" என்ற கேள்வி எழாத வீடு இல்லை. இவ்வாண்டு எங்கள் வகுப்பிலும் அக்கேள்வி எழுந்தது. அதற்கு நாங்கள் விடை கண்ட விதத்தை இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

எங்கள் பள்ளியின் காட்சி அறையில் 32 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றும் டி.வி.டி. கருவி ஒன்றும் உள்ளன. மறைக்கல்வி வகுப்பிற்கும் அறிவியல் வகுப்பிற்கும் உரிய தகடுகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. சென்ற பருவத்தில், கடைசி வரிசையில் அமரும் தோழி ஒருத்தி, "படம் மங்கலாகத் தெரிகிறது. கீழே ஓடும் எழுத்தைப் படிக்கவே முடியவில்லை" என்று குறைப்பட்டுக் கொண்டாள். "தகடு பழையது. உயர் துல்லியத் தகடு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று எங்களில் பலர் கூறினோம். பெங்களூரில் பணிபுரியும் பெற்றோர் ஒருவர் தம்முடைய புளூ-ரே கருவியைச் சில நாட்களுக்கு இரவலாகத் தந்தார். சொந்தமாக வாங்குவதென்றால் நூலக நிதியில்தான் கைவைக்க வேண்டும்.

எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி புன்னகையுடன், "பிள்ளைகளே, ஒளியியலும் முக்கோணமும் தேர்வுக்கு மட்டுமா? கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். பிறகு வாங்கலாம்" என்றார். அன்றே ஆராய்ச்சி தொடங்கியது.

தகடு வந்த வரலாறு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. 1982ஆம் ஆண்டு இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது. அன்றைய ஒளிபரப்பில் ஒரு படம் 625 கிடைக்கோடுகளால் ஆனது. அவற்றுள் நம் கண்ணுக்குக் காட்சியாக வருபவை 576 கோடுகள்.

பின்னர்த் தகடுகள் வந்தன. வி.சி.டி. என்னும் தகட்டில் படத்திற்கு 288 கோடுகளே உண்டு. 1996ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி., நம் நாட்டு முறைப்படி 576 கோடுகளைக் கொண்டது. 2006ஆம் ஆண்டில் இரண்டு உயர் துல்லியத் தகடுகள் ஒன்றுக்கொன்று போட்டியாக வெளிவந்தன. ஒன்று எச்.டி. டி.வி.டி.; மற்றொன்று புளூ-ரே. இரண்டிலும் 1080 கோடுகள். 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் தோஷிபா நிறுவனம் எச்.டி. டி.வி.டி.யைக் கைவிட்டதால் புளூ-ரே வென்றது.

அதே 2006ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டிகள் சென்றன. மறு ஆண்டு மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப் படங்களை வி.சி.டி. 28 ரூபாய்க்கும் டி.வி.டி. 34 ரூபாய்க்கும் விற்கலாயிற்று. வெளிநாட்டில் 1080 கோடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நம் ஊர்களில் 14 அங்குலப் பெட்டியின் முன் குடும்பமே அமர்ந்து 34 ரூபாய்த் தகட்டில் படம் பார்த்தது. அவர்கள் எதையாவது இழந்தார்களா? இதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

நீல ஒளியின் திறமை

மூன்று தகடுகளும் ஒரே அளவுடையவை. ஒவ்வொன்றும் 12 செ.மீ. விட்டம். அப்படியிருக்கப் புளூ-ரேயில் மட்டும் அதிகம் பதிவது எப்படி? காரணம் ஒளியின் அலைநீளம். வி.சி.டி.யைப் படிக்கும் லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி; டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. புளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா ஒளி. பேனா முனை மெல்லியதானால் ஒரே தாளில் அதிகம் எழுதலாம் அல்லவா? அதுபோல் அலைநீளம் குறையக் குறைய இன்னும் நுண்ணிய குழிகளைப் படிக்க முடிகிறது. டி.வி.டி.யின் ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட் கொள்ளும். புளூ-ரேயில் 25 ஜிகாபைட் கொள்ளும்.

ஆகவே புளூ-ரே தகட்டில் அதிகச் செய்தி உள்ளது என்பதில் ஐயமில்லை. அந்தச் செய்தி நம் கண் வரை வந்து சேருகிறதா என்பதே வினா.

கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு

பாரூர்ப் பெரிய ஏரியின் கரையில் நின்று அக்கரையைப் பாருங்கள். மரங்கள் தெரியும்; மரத்தின் இலைகள் தனித்தனியே தெரியா. எல்லாம் ஒரே பச்சைப் பட்டையாக இருக்கும். இலைகள் அங்கேதான் இருக்கின்றன. நம் கண்ணால் அவற்றைப் பிரித்தறிய இயலவில்லை.

ஒரு பாகையை அறுபது பங்காக்கினால் ஒரு பங்கிற்கு ஒரு நிமிடம் என்று பெயர். நல்ல பார்வையுடைய கண் ஒரு நிமிடக் கோணம் வரையிலான நுட்பத்தைப் பிரித்தறியும். அதைவிடச் சிறியவை ஒன்றோடொன்று கலந்துவிடும். மருத்துவமனைகளில் 6 மீட்டர் தொலைவில் மாட்டும் எழுத்துப் பலகையும் இந்த அடிப்படையில் அமைந்ததுதான்.

இதனை நீங்களும் சோதிக்கலாம். வெள்ளைத் தாளில் 1 மி.மீ. கனத்தில் கறுப்புக் கோடுகளை, 1 மி.மீ. இடைவெளி விட்டு வரையுங்கள். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு மெல்லப் பின்னால் நடந்து செல்லுங்கள். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தொலைவில் கோடுகள் மறைந்து தாள் சாம்பல் நிறமாகத் தோன்றும். முக்கோணவியல்படி கணக்கிட்டால் அத்தொலைவு 3.44 மீட்டர். கோட்டின் கனம் பாதியானால் தொலைவும் பாதியாகும். எனவே எங்களுக்கு எளிய வாய்பாடு ஒன்று கிடைத்தது:

கோடு மறையும் தொலைவு (மீட்டர்) = கோட்டின் கனம் (மி.மீ.) × 3.44

இனித் திரையில் ஒரு கோட்டின் கனத்தைக் கண்டறிய வேண்டும். 32 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்டம். அகலமும் உயரமும் 16க்கு 9 என்ற விகிதத்தில் உள்ளன. பிதாகரஸ் தேற்றத்தின்படி உயரம் ஏறத்தாழ 40 செ.மீ. என வருகிறது. இதனை 576 கோடுகளால் வகுத்தால் ஒரு கோடு 0.69 மி.மீ. வாய்பாட்டில் இட்டால் 2.4 மீட்டர். அதாவது 32 அங்குலத் திரையிலிருந்து 2.4 மீட்டருக்கு அப்பால் அமர்பவருக்கு டி.வி.டி.யின் கோடுகளே தனித்தனியாகத் தெரியா. அவற்றைவிட நுண்ணிய கோடுகளைக் காட்டினாலும் அவருக்கு வேறுபாடு தோன்றாது.

இவ்வாறே மற்ற அளவுகளுக்கும் கணக்கிட்டோம். கோடுகள் மறையும் தொலைவுகள் இவை:

14 அங்குலப் பழைய பெட்டி: வி.சி.டி. 2.5 மீட்டர், டி.வி.டி. 1.3 மீட்டர்.
32 அங்குலப் பெட்டி: டி.வி.டி. 2.4 மீட்டர், புளூ-ரே 1.3 மீட்டர்.
55 அங்குலப் பெட்டி: டி.வி.டி. 4.1 மீட்டர், புளூ-ரே 2.2 மீட்டர்.

இப்போது 14 அங்குலப் பெட்டிக்கு வருவோம். அன்று வீட்டில் இரண்டு மீட்டர் தள்ளிப் பாயில் அமர்ந்து படம் பார்த்தவர்களுக்கு வி.சி.டி.யின் குறை தெரிந்திருக்கும். டி.வி.டி. வாங்கியபோது படம் தெளிவானதும் உண்மையே. ஆனால் அதற்கு மேல் எத்தனை கோடுகள் கொடுத்திருந்தாலும் அந்தப் பாயில் இருந்தவர்களுக்குப் பயன் இருந்திராது. 34 ரூபாய்த் தகட்டில் அவர்கள் எதையும் இழக்கவில்லை!

காட்சி அறையில் கண்டது

கணக்கு முடிந்ததும் அளவு நாடாவுடன் காட்சி அறைக்குச் சென்றோம். முதல் வரிசை திரையிலிருந்து 2 மீட்டர். இரண்டாம் வரிசை 3 மீட்டர். கடைசி வரிசை 6 மீட்டர். ஆக, உயர் துல்லியத்தால் பயனடையக் கூடியவர்கள் முதல் வரிசையில் இருப்பவர்கள் மட்டுமே.

பெட்டியுடன் வந்த கையேட்டையும் தேடி எடுத்துப் படித்தோம். எங்கள் திரையில் இருப்பவையே 768 கோடுகள்தாம். 32 அங்குலப் பெட்டிகள் பல இவ்வாறு இருக்கின்றன. 1080 கோடுகளை அனுப்பினாலும் பெட்டி அதனை 768 ஆகச் சுருக்கித்தான் காட்டும். ஒரு படி கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு படி பால் ஊற்றினால் என்ன ஆகும்?

கணக்கை மட்டும் நம்பாமல், இரவல் கருவியையும் எங்கள் கருவியையும் கொண்டு ஒரே படத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். எது எந்தத் தகடு என்று யாருக்கும் சொல்லவில்லை. முதல் வரிசையில் இருந்தவர்கள் முகத்தருகே வரும் காட்சிகளில், துணியின் நெசவையும் தலைமுடியையும் பார்த்து, புளூ-ரேயைச் சரியாகக் கூறினார்கள். பின்வரிசையினர் வெறுமனே ஊகித்தார்கள், சிலர் டி.வி.டி.யைக் காட்டி, "இதுதான் புதிய தகடு" என்று உறுதியாகச் சொன்னார்கள். அறை முழுவதும் சிரிப்பொலி எழுந்தது.

எங்கள் தோழி மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு இரண்டும் ஒரே மாதிரி மங்கலாகத்தான் இருக்கின்றன" என்றாள்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. திரையின் கீழே ஓடும் எழுத்துகள் ஏறத்தாழ 2 செ.மீ. உயரமுடையவை. நல்ல கண் 6 மீட்டர் தொலைவில் 9 மி.மீ. எழுத்தையே படித்துவிடும். பக்கத்தில் இருந்தவர்கள் அனைவரும் படித்தார்கள். அவளால் மட்டும் முடியவில்லை. அருட்சகோதரி அவளை அழைத்து, நாங்கள் கோடு வரைந்த தாளைக் காட்டினார். எங்களுக்கு மூன்று மீட்டரிலும் தெரிந்த கோடுகள் அவளுக்கு ஒரு மீட்டரைத் தாண்டியதும் மறைந்துவிட்டன.

அடுத்த வாரம் பெற்றோர் அவளைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். கிட்டப்பார்வை என்று தெரிய வந்தது. நாம் பாடத்தில் படிக்கும் அதே குழிலென்சு இன்று அவள் மூக்கின் மேல் அமர்ந்திருக்கிறது. கரும்பலகையைப் பார்க்க முடியாமல் பக்கத்து மாணவியின் குறிப்பேட்டைப் பார்த்தே அவள் இரண்டு ஆண்டுகளாக எழுதி வந்தாள் என்பது அதன்பின்தான் எங்களுக்குத் தெரிந்தது. அருகில் அமர்ந்திருந்த நாங்கள், தகட்டைக் குறை கூறினோமே தவிர அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக நாங்கள் வெட்கப்படுகிறோம்.

அப்படியானால் எப்போது வாங்கலாம்?

உயர் துல்லியம் வீண் என்று நாங்கள் கூறவில்லை. 55 அங்குலத் திரையை 3 மீட்டரில் பார்ப்பவருக்கு வேறுபாடு நன்றாகத் தெரியும். சுவர் நிறையப் படம் காட்டும் புரொஜெக்டருக்கு அது மிகவும் தேவை. அருகில் அமர்ந்து நிலப்படத்தையோ நுண்ணுயிரியின் படத்தையோ பார்ப்பதற்கும் நன்று. மேலும், சில டி.வி.டி.களில் படத்தை அளவுக்கு மீறி அழுத்திப் பதிந்திருப்பார்கள். அத்தகைய தகட்டில் வேகமான காட்சிகள் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். அக்குறை தூரத்திலும் தெரியக்கூடும்.

இன்று தகடு வாங்குவோர் குறைந்து, இணையத்திலும் எச்.டி. அலைவரிசைகளிலும் படம் பார்ப்போர் பெருகிவிட்டனர். ஆயினும் கணக்கு மாறவில்லை. கடைகளில் 4கே என்று சொல்லி விற்கும் பெட்டியில் 2160 கோடுகள் உள்ளன. 43 அங்குலத் திரையில் அதன் முழுப் பயனையும் பெற வேண்டுமானால் 85 செ.மீ. தொலைவில், அதாவது திரைக்கு மிக அருகில் நாற்காலியைப் போட வேண்டும்! ஓசூர்ச் சிப்காட்டில் இரவு பகலாக மாறி மாறி வேலை செய்து அப்பா கொண்டு வரும் ஊதியத்தில் தவணை கட்டப் போகும் வீடுகள் எங்களுடையவை. எனவே கடைக்குச் செல்லும் முன், வீட்டில் நாம் அமரும் இடத்திலிருந்து சுவர் வரை ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள் என்று பெற்றோரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு ஓர் அளவு நாடாவும் ஐந்து நிமிடமும் போதும்.

எங்கள் முடிவு

இரவல் கருவியை நன்றி கூறித் திருப்பிக் கொடுத்தோம். நூலக நிதி நூலகத்திற்கே இருக்கட்டும் என்று எழுதி, கணக்குத் தாளையும் இணைத்து அருட்சகோதரியிடம் அளித்தோம். காட்சி அறையில் வரிசைகளை அரை வட்டமாக்கி முன்னுக்கு நகர்த்தினோம். இப்போது கடைசி வரிசை 4 மீட்டரில் இருக்கிறது. கோடு வரைந்த தாளை அறையின் சுவரிலேயே விட்டுவிட்டோம். ஒவ்வொரு வகுப்பு மாணவியரும் அதன்முன் நின்று பார்த்துச் செல்கின்றனர். கோடுகள் சீக்கிரமே மறைவதாகச் சொன்ன கீழ்வகுப்புத் தங்கையர் சிலரின் பெற்றோருக்கும் அருட்சகோதரி கடிதம் அனுப்பியிருக்கிறார்.

"விரலுக்கேற்ற வீக்கம்" என்று நம் பெரியோர் கூறுவர். திரைக்கேற்ற தகடு, அறைக்கேற்ற திரை என்று நாங்கள் அதனை விரித்துக் கற்றோம். இறைவன் அளித்த கண்ணின் எல்லையையும் கற்றோம். அன்புத் தோழியரே, உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவள் "மங்கலாக இருக்கிறது" என்று அடுத்த முறை சொன்னால், முதலில் அவள் கண்களைப் பற்றிக் கேளுங்கள்.