டிக்கெட் ஸ்கேன் ஆகிவிட்டால் கேட்கும் உரிமை போய்விடுமா?

கேள்வி: ஐயா, எங்களுக்குத் திருவேங்கடம். என் தங்கைக்கு 26 வயது. பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து வீல்சேரில்தான் இருக்கிறாள். பாட்டு என்றால் அவளுக்கு உயிர். திருநெல்வேலிக்கு வெளியே ஒரு மைதானத்தில் நடந்த சினிமா இசைக் கச்சேரிக்கு, ஆளுக்கு 2,500 ரூபாய் வீதம் மூன்று டிக்கெட் ஆன்லைனில் எடுத்தேன். வீல்சேர் என்று குறிப்பிட அதில் இடமே இல்லை. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். "வாங்க சார், அங்கே ஆள் இருப்பாங்க, பார்த்துக்குவாங்க" என்றார்கள்.

போய்ப் பார்த்தால் பார்க்கிங்கிலிருந்து நுழைவாயில் வரை சரளைக்கல். நானும் தம்பியும் நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். எங்கள் பகுதி, இரும்புச் சட்டத்தின் மேல் பலகை போட்டு உயர்த்திய தளத்தில் இருந்தது. ஏறுவதற்கு நான்கு படி, சாய்தளம் கிடையாது. தடுப்புக்கு ஓரமாகக் கீழேயே நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். முன்னால் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டதால் தங்கையால் மேடையைப் பார்க்கவே முடியவில்லை. கழிப்பறைக்கும் படி. பவுன்சர் ஒருவர் அத்தனை பேர் முன்னால், "இந்த மாதிரி ஆளையெல்லாம் ஏன் கூட்டத்துக்குள்ள கூட்டிட்டு வர்றீங்க" என்று சத்தம் போட்டார். பாதியிலேயே திரும்பிவிட்டோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "டிக்கெட் ஸ்கேன் ஆகிவிட்டது, நீங்கள் நிகழ்ச்சி பார்த்ததாகத்தான் கணக்கு, பணம் திருப்பித் தரப்படாது என்று டிக்கெட்டிலேயே இருக்கிறது" என்று மெயில் வந்தது. வழக்குப் போட முடியுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். சீசனில் குற்றாலம் சாரல் விழாவுக்குத் தங்கையை அழைத்துப்போக ஆசை. அது அரசு நடத்துவது, டிக்கெட் கிடையாது. அங்கேயும் வசதி செய்து தரச் சொல்லிக் கேட்கலாமா?
- ஒரு வாசகர், திருவேங்கடம்

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் முதல் மனுதாரராக உங்கள் தங்கை இருக்கட்டும். பணம் கட்டியது நீங்கள்தான். என்றாலும், காசு கொடுத்தவரின் சம்மதத்தோடு ஒரு சேவையைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. உங்களையும் இரண்டாவது மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளலாம். கச்சேரி கேட்க வந்தவர் அவர், அவமானப்பட்டவரும் அவர். அன்று நடந்ததை அவருடைய வாக்குமூலத்தில் அவர் வாயாலேயே நுகர்வோர் ஆணையம் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்படிப்பட்ட மனுக்களில் உடன்பிறந்தவரும் பெற்றோரும் பேசப் பேச, பாதிக்கப்பட்டவர் ஓரமாக உட்கார்ந்திருப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி நடக்க வேண்டாம்.

அந்த ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேன் ஆனதால் நிரூபணமாவது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் வாசலைத் தாண்டினீர்கள். உள்ளே என்ன கிடைத்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. சொல்லப்போனால், அவர்கள் அனுப்பிய மெயில் உங்களுக்குத்தான் உதவும். தங்கை அன்று அங்கே வந்திருந்தார் என்பதை நிகழ்ச்சிக்காரர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதை அழித்துவிடாதீர்கள்.

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூர் ஆதித்யராம் பேலஸ் சிட்டி வளாகத்தில் 2023 செப்டம்பர் 10 அன்று நடந்த ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி உங்களுக்கு நினைவிருக்கும். ஆகஸ்ட் 12-இல் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய் அன்று நடந்தது. உயர்ந்த விலை டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். குழந்தைகளும் வயதானவர்களும் நெரிசலில் சிக்கினார்கள், பெண்கள் பலர் அத்துமீறல்களைப் பற்றிப் புகார் சொன்னார்கள். காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. உள்ளே வர முடியாமல் போனவர்கள் டிக்கெட் நகலோடு குறையை எழுதி அனுப்பும்படி ரஹ்மானே எக்ஸ் தளத்தில் கேட்டுக்கொண்டார். நிகழ்ச்சியை நடத்திய ஏசிடிசி நிறுவனம் பொறுப்பை ஏற்று மன்னிப்புக் கேட்டது. ஆரோக்கியமாக நடமாடுகிற ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் பாதிக்கப்பட்டதால் ஊரே பேசியது. உங்கள் தங்கைக்கு நேர்ந்ததோ, பக்கத்தில் நின்றவர்கள் கண்ணில்கூடப் பட்டிருக்காது. கூட்டமே கொதித்தெழுந்தால் கிடைக்கிற பதில், தனியாக ஒருவர் கேட்டாலும் கிடைக்க வேண்டும். அதற்குத்தான் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

உங்கள் வழக்கின் அஸ்திவாரம் 'சேவைக் குறைபாடு' என்ற சொல்லுக்குச் சட்டம் தந்திருக்கும் விளக்கம். ஒரு சேவை எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று வேறு ஏதாவது சட்டம் விதித்திருந்து அந்தத் தரம் இல்லாவிட்டாலும் குறைபாடு. செய்து தருவதாக ஒப்புக்கொண்டதைச் செய்யாவிட்டாலும் குறைபாடு. உங்களுக்கு இரண்டுமே பொருந்துகின்றன. கஸ்டமர் கேர் சொன்ன "பார்த்துக்குவாங்க" என்பது ஒப்புக்கொண்டது. எந்த நாள், எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்பதை உங்கள் போனின் அழைப்புப் பதிவிலிருந்து இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த உரையாடலின் ஒலிப்பதிவு அவர்களிடம் இருந்தால் அதைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஆணையத்தைக் கேட்கலாம்.

தரத்தை விதிப்பது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். இங்கேதான் எதிர்த்தரப்பு வக்கீல் உங்களை மடக்கப் பார்ப்பார். "அது கட்டடமே இல்லை, ஒரு நாள் வாடகைக்கு எடுத்த பொட்டல். சாய்தளம், கழிப்பறை விதியெல்லாம் கட்டடத்துக்குத்தானே?" என்பார். கட்டட வரைபட அனுமதியைப் பற்றிய 44-ஆவது பிரிவை வைத்து நீங்கள் பேசினால் அந்த வாதம் எடுபட்டுவிடும். அதனால் 46-ஆவது பிரிவைப் பிடியுங்கள். அது கட்டடத்தைப் பற்றிப் பேசவில்லை. சேவை தருகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. அரசோ தனியாரோ, விதிகள் அறிவிக்கப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் தங்கள் சேவையை எல்லாரும் அணுகும்படி மாற்றிவிட வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூன் 15. கெடு 2019-லேயே முடிந்துவிட்டது. பொதுமக்களுக்கான சேவைகள் எவை என்று சட்டம் அடுக்கும்போது கலாசாரம், ஓய்வு, பொழுதுபோக்கு ஆகியவற்றையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கச்சேரி அதற்குள் வராது என்று யாராலும் வாதாட முடியாது.

அடுத்து, "அந்த விதியைத்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதே" என்பார்கள். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று, அந்த 2017 விதிகளில் 15(1)-ஆவது விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது உண்மை. ஏன் செல்லாது என்றார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சட்டம் கட்டாயம் என்று சொன்னதை, அந்த விதி வெறும் பரிந்துரையாகக் கரைத்துவிட்டது. மூன்று மாதத்தில் கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும்படி மத்திய அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அடிப்படைச் சட்டத்தின் பிரிவுகள் அப்படியே நிற்கின்றன. ஆக, அந்தத் தீர்ப்பு உங்கள் பக்கம்தான் பேசுகிறது.

சாய்தளத்தின் அளவும் மறைபொருள் இல்லை. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். நான்கு படி உயரம் ஏறத்தாழ இரண்டு அடி என்று வைத்தால் 24 அடி. ஒலிபெருக்கிக்கும் ஒளிவிளக்குக்கும் கோபுரம் எழுப்பியவர்களுக்கு இது பெரிய வேலையா என்று ஆணையத்தில் தயங்காமல் கேளுங்கள். அளவுக்கு மீறிய சுமையாக இருந்தால் செய்ய வேண்டியதில்லை என்று சட்டம் ஒரு விலக்கு தந்திருக்கிறது. அவர்கள் அதைக் காட்டுவார்கள். ஆனால் சுமை என்று சொல்கிறவர்தான் கணக்கையும் காட்ட வேண்டும். சாய்தளத்தை விடுங்கள், மறைப்பில்லாத ஓரிடத்தில் கயிறு கட்டி நாலு சக்கர நாற்காலிகளுக்கு இடம் ஒதுக்க என்ன செலவாகும்?

"எங்கள் இடம், எங்கள் நிபந்தனை" என்ற வாதத்துக்கும் தயாராக இருங்கள். திரையரங்குக்குள் வெளி உணவு கூடாது என்று உரிமையாளர் விதிக்கலாம் என 2023 ஜனவரியில் ஜம்மு-காஷ்மீர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்காட்டுவார்கள். பாப்கார்னுக்கான நிபந்தனை வேறு, சட்டம் தந்த உரிமையைப் பறிக்கும் நிபந்தனை வேறு. "பணம் திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்துவிட்டால், கொடுக்காத சேவைக்கும் காசை வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது.

உங்களுக்குப் பக்கபலமான இன்னொரு தீர்ப்பு ஜீஜா கோஷ் வழக்கு. பெருமூளை வாதம் உள்ள அவரை 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. டிக்கெட் விலையோடு அந்தத் தொகைக்குச் சம்பந்தமே இல்லை. மனித மாண்பைக் காயப்படுத்தியதற்காக விதித்தது. அதே அளவுக்குக் கிடைக்கும் என்று நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். டிக்கெட் பணம், திருவேங்கடத்திலிருந்து போய்வந்த வண்டிச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு என்று கேளுங்கள். ஆணையம் தாராளமாகக் குறைக்கும் என்று நினைத்து ஏற்றிக் கேட்பது மனுவின் கௌரவத்தைக் கெடுக்கும்.

அந்த பவுன்சர் பேசியது என்னை மிகவும் வருத்தியது. பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறை. 'நோக்கம்' என்பதை நிரூபிப்பது இதில் கடினம். தங்கைக்கு அந்த வழியில் போக மனமிருந்தால் போகலாம், அது அவருடைய முடிவு. என் யோசனை, அந்தச் சொற்களை அப்படியே நுகர்வோர் மனுவில் எழுதுங்கள். காவலுக்கு அமர்த்திய ஆளின் நடத்தைக்கு அமர்த்தியவரும் பொறுப்பு.

யார் மேல் போடுவது? நிகழ்ச்சியை நடத்திய நிறுவனம், டிக்கெட் விற்ற தளம் இரண்டின் மேலும். "நாங்கள் வெறும் இடைத்தரகர்" என்று தளம் நழுவப் பார்க்கும். ஆனால் வாக்குக் கொடுத்தது அவர்களுடைய கஸ்டமர் கேர். மின்வணிக விதிகளின்படி அவர்களின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். இன்னும் அவருக்கு எழுதவில்லை என்றால் இன்றே எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். பாடகரையோ இசையமைப்பாளரையோ வழக்கில் சேர்க்காதீர்கள். ஏற்பாட்டில் அவர்களுக்குப் பங்கிருந்ததாக எந்த ஆதாரமும் உங்களிடம் இல்லை. பேருக்காக இழுத்தால் வழக்கு இழுபடும்.

சென்னைக்கு அலைய வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் இடத்துக்கு அதிகாரமுள்ள மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள சேவைக்குக் கட்டணம் எதுவும் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், காணொலியில் ஆஜராக அனுமதியும் கேட்கலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். அதற்கு முன் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். படங்களும் வீடியோவும் எடுத்த போனிலேயே அழியாமல் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த நகல் போதாது. கூடவே, அந்த நிகழ்ச்சிக்கு எந்த நிபந்தனைகளோடு, எத்தனை பேருக்கு அனுமதி தரப்பட்டது என்று காவல்துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும்.

ஆணையம் பணம் வாங்கித் தரும். அதே நிறுவனம் அடுத்த மைதானத்திலும் படி மட்டும் கட்டினால் என்ன செய்வது? அதற்காகத் தங்கை இன்னொரு மனுவை, சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அனுப்ப வேண்டும். இழப்பீடு கிடைக்கும் இடம் அது இல்லை. ஆனால் ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை மீறியவர்களுக்கு அதன் 89-ஆவது பிரிவில் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. இனிமேல் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும்போதே சக்கர நாற்காலிக்கான பாதை, இடம், கழிப்பறை ஆகியவற்றை நிபந்தனையாக வைக்கும்படி காவல்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் பரிந்துரைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சாரல் விழா விஷயம். கட்டணம் இல்லாத நிகழ்ச்சி என்பதால் நுகர்வோர் சட்டம் அங்கே வராது. அதனால் உரிமை குறைந்துவிடவில்லை, கூடத்தான் செய்கிறது. கலாசார வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாக மாற்றுத்திறனாளிகள் பங்கேற்க நடவடிக்கை எடுப்பது அரசின் கடமை என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 29-ஆவது பிரிவு. பொதுமக்கள் புழங்கும் பழைய கட்டடங்களையும் விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் மாற்றிவிட வேண்டும் என்கிறது 45-ஆவது பிரிவு; அந்தக் கெடுவும் 2022-இல் முடிந்துவிட்டது. வழக்கமாக விழா நடக்கும் குற்றாலம் கலைவாணர் கலையரங்கத்துக்கும் இது பொருந்தும்.

இதற்கு விழா நாள் வரை காத்திருக்க வேண்டாம். தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் தங்கை பெயரில் மனுக் கொடுங்கள், நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்குக் கொடுங்கள். "வசதி செய்து தாருங்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். வண்டியை அரங்க வாசல் வரை விட அனுமதி, படியில்லாத பாதை, மேடை மறைக்காத இடத்தில் சக்கர நாற்காலிக்கும் உடன் வருபவருக்கும் சேர்த்து இடம், நுழையும் அகலமுள்ள கழிப்பறை, சாரலில் வழுக்காத தரை என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ரசீது எண் வாங்காமல் கிளம்பாதீர்கள். விழா அறிவிப்பு வந்ததும் அந்த எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புங்கள்.